பேரரசரும் ஒரு வாத்தும்

ஸ்டாக்ஹோமில் இயங்கும் பாரடாக்ஸ் நிறுவனம் 2012இல் ‘குருசேடர் கிங்ஸ் 2’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. அதன் அடுத்த பாகம் 2020இல் வந்தது. இடைக்கால உலகின் வரைபடத்தை விரித்து, அதிலுள்ள ஏதாவதொரு மன்னர் குலத்தை நம் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். போர், திருமணம், வாரிசுச் சண்டை, சதி, விஷம் என்று தலைமுறை தலைமுறையாக ஆட வேண்டும். 867இல் தொடங்கினால், கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியரிடம் வீழ்ந்த 1453 வரை ஆட்டம் நீளும். இதை ஆடுவோரில் ஒரு சாராருக்கு நெடுநாளாக ஒரு மோகம் உண்டு. பைசாந்தியப் பேரரசரின் அரியணையில் அமர்ந்து, கிறிஸ்தவத்தைக் கைவிட்டு, ஜீயஸுக்கும் அப்போலோவுக்கும் மறுபடி பலி கொடுக்க வைப்பது. நிஜ உலகில் தியோடோசியுஸ் 391, 392ஆம் ஆண்டுகளில் சட்டம் போட்டுத் தடுத்த பலியை, ஐந்து நூற்றாண்டு கழித்துச் சுட்டியின் சொடுக்கில் திரும்பக் கொண்டுவருவது. வேடிக்கைதான். ஆனாலும் மதத் தத்துவத்தில் சுலபமாகத் தீராத ஒரு கேள்வியை அந்த ஆட்டம் எழுப்புகிறது: வழிபடுவோர் ஒருவர்கூட இல்லாமல் போன மதத்தை, ஒருவர் மனம் வைத்து உயிர்ப்பிக்க முடியுமா? உயிர்ப்பித்தால், எழுந்து வருவது பழைய மதம்தானா?

விளையாட்டு இதற்கு வைத்திருக்கும் வழிமுறையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மூன்றாம் பாகத்தில் பக்தி என்பது ஓர் எண். மன்னரின் குணத்தாலும் யாத்திரையாலும் போராலும் அது ஏறும், செலவழித்தால் இறங்கும். பழைய பாகனிய மதங்கள் ‘சீர்திருத்தப்படாதவை’ என்ற முத்திரையோடு வரிசையில் நிற்கும். அத்தகைய மதம் ஒவ்வொன்றுக்கும் உரிய புனிதத் தலங்களில் மூன்றைக் கைப்பற்றி, போதிய பக்தியும் சேர்த்துவிட்டால், சீர்திருத்தம் செய்ய வழி திறக்கும். அப்போது மன்னரே உட்கார்ந்து மதத்தின் மூன்று அடிப்படைக் கோட்பாடுகளைத் தேர்ந்தெடுக்கலாம். திருமணம், குற்றம், குருமார் பற்றிய விதிகளை மாற்றலாம். மதத்துக்கு ஒரு தலைவரை நியமிக்கலாம். பிறகு அரசவைக் குருவை ஊர் ஊராக அனுப்பிவைத்தால் குடிமக்கள் மாறிக்கொண்டே வருவார்கள். ‘அரசன் எவ்வழி குடிகள் அவ்வழி’ என்ற பழமொழியை அப்படியே கணக்காக எழுதி வைத்தது போன்ற ஏற்பாடு இது.

இந்தச் சீர்திருத்தத்தில் பாகனிய மதத்துக்குக் கிடைப்பவை எவை? தலைமைப் பீடம், எழுதி வைத்த கோட்பாடு, ஒழுங்கான குருமார், பெரும் புனிதப் போருக்கு அழைக்கும் உரிமை. எல்லாம் திருச்சபையின் அங்கங்கள். விளையாட்டை வடிவமைத்தவர்கள் இறையியல் பேச உட்காரவில்லை. இரு தரப்பும் சமமாக மோத வேண்டும் என்ற கணக்கில்தான் இதைச் செய்திருக்க வேண்டும். ஆனாலும் அந்தக் கணக்கே ஒரு வரலாற்று உண்மையைத் தொட்டுவிட்டது. அமைப்பில்லாத மதம், அமைப்புள்ள மதத்தோடு மோதி நிற்க வேண்டுமானால் தானும் அமைப்பாக மாற வேண்டியிருக்கிறது. அப்படி மாறுவதை மீட்பு என்று சொல்ல முடியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நான் சொல்லவருவது இவ்வளவுதான்: சடங்கை மையமாகக் கொண்ட மதத்தில் உயிர் இருக்கும் இடம் வழிபடுபவரின் மனம் அல்ல, பலருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கப்பட்ட கடமைகள். மனத்தை அரசர் மாற்றலாம், தன் மனத்தையாவது மாற்றிக்கொள்ளலாம். அறுந்துபோன கடமைகளை அவர் ஒருவராக முடைய முடியாது.

இதற்கான முதல் சான்று விளையாட்டின் காலத்துக்கும் முந்தையது. கான்ஸ்டன்டைனின் தம்பி மகன் ஜூலியன் கிறிஸ்தவராக வளர்ந்து, ரகசியமாகப் பழைய தெய்வங்களுக்கு மாறி, 361 நவம்பரில் ரோமப் பேரரசின் ஒரே அதிபதி ஆனார். கோயில்களைத் திறக்க ஆணையிட்டார். கிறிஸ்தவ ஆசிரியர்கள் ஹோமரைக் கற்பிக்கக் கூடாது என்றார். தானே பூசாரி போல விறகு சுமந்து பலியிட்டார். குருசேடர் கிங்ஸ் ஆடுபவர் கனவு காணும் அதிகாரம் முழுவதும் அவரிடம் இருந்தது. 362 கோடையில் அவர் அந்தியோக்கியாவில் இருந்தபோது, நகருக்கு வெளியே டாப்னே என்ற சோலையில் அப்போலோவின் ஆண்டு விழா வந்தது. பலி விலங்குகள், திராட்சை மது, பாடகர் குழு, தூபம், வெள்ளுடை தரித்த இளைஞர்கள் என்று மனத்துக்குள் ஊர்வலம் நடத்தியபடி அவர் விரைந்து போனார். கோயிலில் தூபம் இல்லை. ஒரு பணியாரம்கூட இல்லை. ஊர் சார்பில் என்ன பலி என்று கேட்டதற்கு, ஊர் ஒன்றும் ஏற்பாடு செய்யவில்லை, நான்தான் என் வீட்டிலிருந்து ஒரு வாத்தைக் கொண்டுவந்திருக்கிறேன் என்றார் பூசாரி. இதைப் பிற்பாடு எதிரிகள் யாரும் கட்டிவிடவில்லை. அந்தியோக்கியர்களைத் திட்டி எழுதிய ‘தாடி வெறுப்பவன்’ என்ற நூலில் ஜூலியனே பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் காட்சியில் அப்போலோ மேல் நம்பிக்கை இல்லாமல் போயிருந்தது என்று சொல்ல முடியாது. பூசாரி நம்பினார், பேரரசரும் நம்பினார். இல்லாமல் போனது மூன்றாவது ஆள்: மாட்டுக்குப் பணம் ஒதுக்கும் நகர சபை, பாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள், இறைச்சியில் தன் பங்கு வரும் என்று காத்திருக்கும் தெரு. கிரேக்கப் பலி என்பது அடிப்படையில் இந்தப் பங்கீடுதான். ஏதென்ஸை அடுத்த எர்க்கியா என்ற ஊரில் கிடைத்த கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டில் எந்த மாதம் எந்த நாள், எந்தத் தெய்வம், எந்த இடம், செம்மறியா வெள்ளாடா, விலை எத்தனை திராக்மா என்று பட்டியல் போட்டிருக்கிறது. சில வரிகளில், இறைச்சியை அங்கேயே தின்று முடிக்க வேண்டும், வெளியே எடுத்துப்போகக் கூடாது என்ற குறிப்பும் உண்டு. அதே நூற்றாண்டின் ஏதென்ஸ் ஆணையொன்று விழா இறைச்சியில் எந்த அதிகாரிக்கு எத்தனை பங்கு, மிச்சத்தை ஊர்வலத்தில் வந்தவர்களின் எண்ணிக்கைப்படி ஊர்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று விதிக்கிறது. ஜீயஸைப் பற்றி என்ன நம்ப வேண்டும் என்று இவற்றில் ஒரு சொல் கிடையாது. நந்தா விளக்குக்கு விட்ட ‘சாவா மூவாப் பேராடு’களின் எண்ணிக்கையும் அளக்க வேண்டிய நெய்யின் அளவும் பொறித்த சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆட்டைப் பொறுப்பேற்ற இடையர் அளக்காவிட்டால் விளக்கு அணைந்துவிடும். மன்னரின் சிவபக்தி நெய் ஆகாது.

ஜூலியன் முட்டாள் இல்லை. எங்கே ஓட்டை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கலாத்தியாவின் தலைமைப் பூசாரி அர்சாக்கியுஸுக்கு எழுதியதாக ஜூலியன் பெயரில் வழங்கும் கடிதம் இந்த விஷயத்தில் முக்கியமானது. ஊர்தோறும் வழிப்போக்கர் சத்திரங்கள் கட்டச் சொல்கிறது அது. கலாத்தியா முழுமைக்கும் ஆண்டுக்கு 30,000 மோடி (ரோமானிய முகத்தலளவை) கோதுமையும் 60,000 படி மதுவும் ஒதுக்கி, ஐந்தில் ஒரு பங்கைப் பூசாரிகளுக்கு ஊழியம் செய்யும் ஏழைகளுக்கும் மற்றதை வழிப்போக்கர்க்கும் இரவலர்க்கும் கொடுக்கச் சொல்கிறது. பூசாரிகள் நாடகக் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது, மதுக்கடையில் உட்காரக் கூடாது என்கிறது. கலிலேயர், அதாவது கிறிஸ்தவர், தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் போஷிக்கிறார்களே என்று வெட்கப்படுகிறது. இந்தக் கடிதம் பிற்காலப் போலி என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அதை ஒதுக்கிவிட்டாலும், பூசாரிகளின் ஒழுக்கம், படிப்பு, தானம் பற்றி ஜூலியன் எழுதிய மற்றக் கடிதங்கள் இதே திசையில்தான் போகின்றன. மாகாணம் தோறும் மேலதிகாரி போலத் தலைமைப் பூசாரி, அவருக்குக் கீழே ஒழுங்கான வரிசை. விளையாட்டின் சீர்திருத்தப் பக்கத்தை ஜூலியன் பதினாறு நூற்றாண்டுக்கு முன்பே நிரப்பிப் பார்த்திருக்கிறார்.

அவருடைய ஆட்களே அவரோடு ஒத்துப்போகவில்லை என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. அவருடைய வரலாற்றை எழுதிய அம்மியானுஸ் மார்செல்லினுஸ் பழைய தெய்வங்களை மதித்தவர், ஜூலியனை நேசித்தவரும்கூட. அவரே எழுதுகிறார்: பலிபீடங்கள் அளவுக்கு மீறி ரத்தத்தில் நனைந்தன, படைவீரர்கள் கோயில்களில் இறைச்சியை மூக்கு முட்டத் தின்று, குடித்து, வழியில் போகிறவர்களின் தோளில் ஏறித் தங்குமிடம் சேர்ந்தார்கள். பேரரசர் முறைப்படி சடங்கு செய்பவராக இல்லாமல் மூடநம்பிக்கைக்காரராக இருந்தார் என்பது அவரது தீர்ப்பு. ஆசிரியர்களைத் தடுத்த ஆணையையும் அவர் கண்டிக்கிறார். டாப்னேயில் ஒற்றை வாத்து, படைவீரர்களுக்கு நூறு மாடு. இரண்டும் ஒரே நோயின் இரு அறிகுறிகள். பங்கு கேட்க உரிமையுள்ளவர்கள் வரவில்லை. வந்தவர்கள் பேரரசரின் சம்பளக்காரர்கள்.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். எதிரியைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வதுதான் தோல்விக்குக் காரணமா? அப்படியானால் பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தை என்ன செய்வது? ஆறுமுக நாவலர் (1822–1879) மெதடிஸ்ட் பாடசாலையில் பயின்றவர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் துணை நின்றவர். அங்கே கண்ட கருவிகள் எல்லாவற்றையும் சைவத்துக்கு எடுத்துக்கொண்டார். வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வாரப் பிரசங்கம், 1848இல் சைவப் பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், கிறிஸ்தவ ஞானோபதேச நூல்களின் பாணியில் கேள்வியும் பதிலுமாக ‘சைவ வினாவிடை’. திருச்சபையின் கருவிகளை அவ்வளவு துல்லியமாகக் கையாண்ட சைவர் வேறு யாரும் இல்லை எனலாம். அவர் முயற்சி நிலைத்தது. ஆகவே எதிரியின் வடிவத்தைக் கடன் வாங்குவது தானாகவே மதத்தைக் கொல்வதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நாவலர் கடன் வாங்கிய வடிவத்துக்குள் வைக்க அவரிடம் பொருள் இருந்தது. பூசை நடந்துகொண்டிருந்த கோயில்கள், தேவாரத்தைப் பண்ணோடு பாடத் தெரிந்த ஓதுவார்கள், ஆகமம் கற்ற குருக்கள், உபயம் செய்யும் குடும்பங்கள், தன்னோடு சண்டை போடவும் ஆட்கள்! நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் நடப்பது ஆகம விரோதம் என்று அவர் கோபப்பட்டார். கோபப்பட அங்கே ஏதோ நடந்துகொண்டிருந்தது. ஜூலியனுக்கு வாய்க்காதது அதுதான். நாவலர் செய்தது உயிருள்ள மதத்தின் சீர்திருத்தம். விளையாட்டு அதே சொல்லை, உயிரில்லாத மதத்துக்கும் பயன்படுத்துகிறது.

அடுத்த மறுப்பு இன்னும் கடினமானது. ஜூலியன் 363 ஜூனில் பாரசீகப் போரில் ஈட்டி பாய்ந்து இறந்தார். தனியாட்சி இருபது மாதம்கூட இல்லை. முப்பது வருடம் ஆண்டிருந்தால்? அரசர்கள் மதத்தை மேலிருந்து புகுத்தி வென்றதற்கு வரலாற்றில் சான்று ஏராளம். ஐஸ்லாந்து 1000ஆம் ஆண்டு வாக்கில் தன் சட்டசபையில் கூடிப் பேசிக் கிறிஸ்தவத்தை ஏற்றது. கீவ் நகரின் விளாதிமிர் 988இல் குடிகளை நதியில் இறக்கி ஞானஸ்நானம் கொடுத்தார். புதிய மதத்தைப் புகுத்த முடிந்த அதிகாரத்துக்குப் பழைய மதத்தை மீட்க ஏன் முடியாது?

விளாதிமிரின் கதையிலேயே விடை இருக்கிறது, ஏனென்றால் அவர் இரண்டையும் செய்து பார்த்தவர். ரஷ்யாவின் பழைய வரலாற்றேட்டின்படி, 980இல் ஆட்சிக்கு வந்ததும் அவர் கீவ் மேட்டில் பெருன், ஹோர்ஸ், தாஜ்போக், ஸ்திரிபோக், சிமார்கல், மோகோஷ் ஆகிய ஆறு தெய்வங்களுக்குச் சிலை நாட்டினார். பெருனின் மரச்சிலைக்கு வெள்ளித் தலை, பொன் மீசை. சிதறிக் கிடந்த வழிபாடுகளை அரண்மனை வாசலில் திரட்டி அரசின் மதமாக்கும் முயற்சி இது என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். இத்தனைக்கும் இங்கே மதம் சாகவில்லை. கிராமங்களில் நன்றாகவே இருந்தது. எட்டே ஆண்டில் விளாதிமிர் அதைக் கைவிட்டார். பெருனைக் குதிரை வாலில் கட்டி இழுத்து, பன்னிரண்டு பேரை விட்டுத் தடியால் அடித்து, நீப்பர் ஆற்றில் தள்ளினார்கள். அதன்பின் அவர் இறக்குமதி செய்த மதத்தோடு ஒரு முழுச் சாமான் தொகுப்பு வந்தது: கிரேக்கக் குருமார், எழுத்து, வழிபாட்டு நூல், கோயில் கட்டும் கொத்தர், எழும் சந்தேகத்தைக் கேட்டு எழுத கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு பீடம். வேறெங்கோ முழு உயிரோடு இருந்த மரத்திலிருந்து கிளை வெட்டி நட்டார்கள். செத்த மதத்துக்கு அப்படிக் கிளை வாங்க வேறு ஊர் கிடையாது. முப்பது ஆண்டு கிடைத்திருந்தாலும் ஜூலியன் தன் தலைமைப் பூசாரிகளை யாரிடம் பயிற்சிக்கு அனுப்பியிருப்பார்? நூலகத்துக்குத்தான். கான்ஸ்டன்டைன் மதம் மாறியது பலன் கொடுத்ததும், ஏறக்குறைய மூன்று நூற்றாண்டாக வீடுகளிலும் கல்லறைகளிலும் விருந்துகளிலும் வளர்ந்திருந்த ஒன்றின் மேல் அரச முத்திரை விழுந்ததால்தான்.

நூலகத்திலிருந்து மதம் செய்து பார்த்தவரும் ஒருவர் உண்டு, அதுவும் விளையாட்டின் காலத்துக்குள்ளேயே. பெலொப்பொனீசில் ஸ்பார்ட்டாவை ஒட்டிய மிஸ்த்ரா நகரில் வாழ்ந்த கெமிஸ்தோஸ் பிளேத்தான், ஏறத்தாழ 1355இல் பிறந்து நூறு வயதை நெருங்கி இறந்தவர். 1438–39இல் இத்தாலியில் நடந்த திருச்சபைகளின் ஒற்றுமைக் கூட்டத்துக்குக் கிரேக்கத் தரப்பில் போனவர். பிளேட்டோவைப் பற்றி அங்கே அவர் பேசிய பேச்சு ஃபுளோரன்சையே உலுக்கியது. ‘சட்டங்கள்’ என்ற அவரது நூலில் ஜீயஸ் தலைமையில் ஒரு தெய்வ மண்டலம், புதிய நாட்காட்டி, வேளைக்கு வேளை ஓதத் துதிகள், அரசுக்கான ஒழுங்கு எல்லாம் உண்டு. அவர் இறந்தபின், கான்ஸ்டான்டிநோபிளின் முதுபெரும் தந்தையாகிவிட்ட அவரது பழைய எதிராளி கென்னாதியோஸ் ஸ்கொலாரியோஸ், பொருளடக்கத்தையும் சில பகுதிகளையும் விட்டுவைத்து மற்றதை நெருப்பில் போட்டார். பிளேத்தான் இதை நம்பி எழுதினாரா, சிந்தனைப் பயிற்சியாக எழுதினாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என் கண்ணில் படுவது வேறு. அவருடைய பொசைடோன் கடலின் மேல் கோபப்படும் தெய்வம் அல்ல. பிளேட்டோவின் வடிவக் கோட்பாட்டில் முதல் இடத்தில் நிற்கும் வடிவம். பெயர்கள் ஹோமருடையவை, எலும்புக்கூடு புதுப்பிளேட்டோனியம், வேளாவேளைத் துதி மடாலயத்தின் வழக்கம். அழகான படைப்பு, சந்தேகமில்லை. ஆனால் நெருப்பிலிட ஒரே ஒரு கைப்பிரதி போதுமாக இருந்தது. எர்க்கியாவின் ஆட்டுப் பலியை ஒழிக்க ஒரு சாம்ராஜ்யத்துக்குத் தலைமுறைகள் ஆயின.

அதே பெலொப்பொனீசின் தென்கோடியில், பிளேத்தானின் பிறப்புக்கு ஐந்து நூற்றாண்டு முன்பு வேறொன்று நடந்திருக்கிறது. பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் மகனுக்கு எழுதிய ஆட்சிக் கையேட்டில், மானி பகுதியின் கோட்டைவாசிகளைப் பற்றிச் சொல்கிறார்: ஸ்லாவியர் அல்லர், பழைய குடிகள், முன்பு விக்கிரக வழிபாடு செய்தவர்கள், தன் பாட்டனார் பசில் காலத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றார்கள். பசில் அரியணை ஏறியது 867இல். விளையாட்டு தொடங்கும் அதே ஆண்டு. அவர் சொல்வது சரியென்றால், தடைச் சட்டங்கள் வந்து நானூற்றைம்பது ஆண்டுக்குப் பின்னும், தத்துவஞானி ஒருவரும் இல்லாமல், தலைமைக் குரு இல்லாமல், புனிதத் தலங்கள் ஐந்தில் எதுவும் கையில் இல்லாமல், ஏதோ ஒரு மலைமுகட்டுக் குடி பழைய வழிபாட்டை விடாமல் வைத்திருந்தது. விளையாட்டின் கணக்கு சரியாக நேர்மாறு. ஹெலனியத்தை, அதாவது பழைய கிரேக்க மதத்தை, மீட்க நினைப்பவர் உட்காருவது அந்தக் கடைசி மனிதர்களை முழுக்காட்டிய பசிலின் நாற்காலியில்!

இனி தத்துவ நோக்கில் வரும் மறுப்பு. எந்த மதம்தான் மாறாமல் இருந்தது? முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர் இன்றைய பேராலயத்துக்குள் வந்தால் திகைப்பார். வேதகால யாகமும் இன்றைய கோயில் பூசையும் ஒன்றா? மாறினாலும் அதே மதம் என்கிறோம். பிறகு ஆயிரம் ஆண்டு இடைவெளி மட்டும் ஏன் குற்றம்? எபிரேய மொழி பேச்சிலிருந்து போய்த் திரும்பி வரவில்லையா? இதில் எபிரேயத்தின் உதாரணம் எனக்குத்தான் துணை செய்கிறது. பேச்சில் இல்லாத காலம் முழுவதும் அது வாரந்தோறும் ஜெபாலயத்தில் ஓதப்பட்டது, கடிதத்தில் எழுதப்பட்டது, தவறாக உச்சரித்தால் திருத்த ஆள் இருந்தது. எபிரேயத்தைப் பேச்சுக்குத் திரும்பக் கொண்டுவர முனைந்த பென் யெஹூதா 1881இல் ஜெருசலேம் வந்தபோது பிணத்தை எழுப்பவில்லை. தொடர்ச்சியைப் பொறுத்தவரை என் அளவுகோல் இதுதான்: மாற்றத்தை எதிர்த்து, ‘எங்கள் அப்பா இப்படிச் செய்ததில்லை’ என்று சொல்ல உரிமையுள்ள ஒருவர் ஒவ்வொரு கட்டத்திலும் இருந்தாரா? இருந்தால் மாற்றம் மதத்துக்குள் நடக்கிறது. அந்த ஆள் இல்லையென்றால் மீட்பவர் சொல்வதே விதி; அவரைத் தடுக்க நூலைத் தவிர ஒன்றும் கிடையாது, நூலுக்குப் பொருள் சொல்பவரும் அவரே. சீர்திருத்தப் பக்கத்தில் மூன்று கோட்பாட்டை விளையாட்டுக்காரர் இஷ்டம்போல் மாற்ற முடிவதன் பொருள் அதுதான். எந்தக் கிழவியும் குறுக்கே வருவதில்லை.

இன்று ஐரோப்பாவின் பழைய தெய்வங்களை வணங்குவோர் இதைக் கேட்டுக் கோபப்படலாம். ஐஸ்லாந்தில் 1972இல் தொடங்கிய அசத்ரு சங்கத்துக்கு மறுவருடமே அரசு அங்கீகாரம் கிடைத்தது. லிதுவேனியாவில் சோவியத் காலத்திலேயே, 1967இல், கெர்னவேயில் கோடைச் சூரியத் திருவிழாவை நடத்தியவர்களிலிருந்து ரோமுவா இயக்கம் வளர்ந்தது. அங்கீகாரம் மறுக்கப்பட்டபோது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021இல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கிரேக்கத்தில் 2007 ஜனவரியில் ஏதென்ஸ் ஒலிம்பிய ஜீயஸ் கோயில் இடிபாட்டில் ஒரு குழு பகிரங்கமாக வழிபாடு நடத்தியது. 1997இல் நிறுவப்பட்ட இன்னொரு அமைப்பை 2017இல் அரசு ஏற்றது. இவர்கள் மனமாரத்தான் வணங்குகிறார்கள். அந்தத் தெய்வங்கள் இருந்தால் எந்த வாசல் வழியாகவும் வருவார்கள் என்று சொன்னால் எதிர்த்து வாதிட என்னிடம் ஒன்றுமில்லை. நான் கேட்பது தெய்வங்களைப் பற்றியல்ல, மதத்தைப் பற்றி. இந்த வரிசையில் லிதுவேனியருக்கு மட்டும் கொஞ்சம் வலுவான வழக்கு உண்டு என்று தோன்றுகிறது. அவர்களது நாடு கிறிஸ்தவம் ஏற்றது 1387இல், ஐரோப்பாவிலேயே கடைசி. பாட்டிகள் பாடிய நாட்டுப்பாடல்களும் கோடைத் திருவிழாவும் முழுதாக அறுந்ததில்லை என்று அவர்கள் வாதிடுகிறார்கள். குறைந்தபட்சம், ‘இந்தப் பாட்டு இப்படி இல்லை’ என்று சொல்ல ஒரு பாட்டி இருந்திருக்கிறார். மற்றவர்களுடையது புதிய மதம். புதியது என்பதால் இழுக்கு ஒன்றும் இல்லை. எல்லா மதமும் ஒரு நாள் புதிதாகத்தான் இருந்தது. பழமையின் சொத்துப் பத்திரத்தைக் காட்டும்போதுதான் பிரச்சினை.

கிரேக்கர்களின் வழக்கில் அந்தப் பத்திரம் அவர்களுக்கே எதிராகத் திரும்புகிறது. அந்நாட்டு அரசியல் சட்டம் சுதந்திரம் தருவது ‘அறியப்பட்ட’ மதங்களுக்கு; ரகசியக் கோட்பாடு இருக்கக் கூடாது, வழிபாடு யாரும் வந்து பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று அதற்கு விளக்கம். பழைய கிரேக்கத்தின் மிகப் புகழ்பெற்ற வழிபாடான எலியூசிஸ் மறைச்சடங்கு, நூற்றாண்டுகளாக யூமொல்பிதே, கேரிக்கெஸ் என்ற இரண்டு குலங்களின் பரம்பரை உரிமையாக இருந்தது. உள்ளே காட்டப்பட்டதை வெளியே சொல்வது பெருங்குற்றம். சொல்லாமலே காத்ததால் அது என்னவென்று இன்றும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதை அப்படியே மீட்க வேண்டுமானால் குலமும் வேண்டும், ரகசியமும் வேண்டும். அங்கீகாரம் வேண்டுமானால் இரண்டாவதை விட வேண்டும்; முதலாவது போய்ப் பதினாறு நூற்றாண்டு ஆகிறது.